மலை இருந்த பக்கம்

உப்பை அவன் தொடவேயில்லை என்பதைத்தான் கஸ்தூரி முதலில் கவனித்தாள்.

புரட்டாசி அமாவாசை. செத்துப்போன மாமியாருக்குப் படையல் வைத்துக் காக்கைக்கும் போட்டபின், மாமனார் ஆதிமூலத்துக்கும் புருஷன் சகாதேவனுக்கும் கூடத்தில் இலை போட்டிருந்தாள். இடது மூலையில் உப்பு, அதை ஒட்டி மாங்காய் ஊறுகாய், பக்கத்தில் இரண்டு வடை. வலது பக்கம் பூசணிக்காய்க் கூட்டும் அவரைக்காய்ப் பொரியலும். சகாதேவன் எப்போதும் வடையில்தான் முதலில் கை வைப்பான். கல்யாணமான ஆறு வருஷத்தில் அது மாறியதில்லை. அன்றைக்குக் கூட்டையும் பொரியலையும் வழித்துத் தின்றான். சோற்றில் வலது பாதி காலியானது. இடது பாதி, நடுவில் கோடு கிழித்துப் பிரித்ததுபோல அப்படியே குவிந்திருந்தது.

"இன்னும் ரெண்டு கரண்டி போடு" என்றான்.

"இலையில இருக்குதுங்களே."

"எங்க இருக்குது? காலி இலைய வச்சிக்கினு உக்காந்திருக்கறேன்."

விளையாடுகிறான் என்று நினைத்து முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. பசித்தவனின் சிடுசிடுப்பு மட்டும் இருந்தது. மோர் ஊற்ற வருகிறவள்போலக் குனிந்து, இலையைப் பிடித்து மெல்லத் திருப்பி வைத்தாள். நுனி வலப்பக்கம் போனது. அமாவாசையன்று இலையை அப்படித் திருப்பக் கூடாது. ஆதிமூலம் பார்த்திருந்தால் சத்தம் போட்டிருப்பார். அவர் கூட்டில் மிளகாயைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வடை இப்பத்தான் வருதா?" என்றான் சகாதேவன். "நைனாவுக்கு மட்டும் முதல்லயே வச்சிட்ட."

"மருமவளுக்கு என்மேல பாசம் ஜாஸ்திடா" என்று ஆதிமூலம் சிரித்தார்.

கஸ்தூரியும் சிரித்தாள். சிரித்த முகத்தோடு அடுப்படிக்குப் போய், மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு நின்றாள். 

சகாதேவன் கோலி. கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்கிறவனை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் வருகிற சர்க்கரை ஆலை ஒன்று ஃபுட்பால் டீம் வைத்திருந்தது. ஜில்லா லீகில் எட்டு டீம். எல்லாமே கம்பெனிகளும் ஆபீசுகளும் சம்பளம் கொடுத்து வைத்திருந்தவை. பேருக்கு அவன் ஆலை ஸ்டோரில் ஹெல்பர். சம்பளம் பந்து பிடிப்பதற்கு. எண்பத்தொன்பது நாள் வேலை, ஒரு நாள் நிறுத்தம், மறுபடி எண்பத்தொன்பது நாள். சேர்ந்தாற்போல வேலை செய்தால் நிரந்தரம் கேட்டுவிடுவார்கள் என்பதற்காக அந்த ஒரு நாள். ஏழு வருஷம் இப்படியே போயிருந்தது. அவனுக்கு முப்பது முடிந்துகொண்டிருந்தது. அதற்குமேல் ஒரு கோலியை ஆலை வைத்துக்கொள்ளாது. இந்த வருஷம் டீம் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பித்தால் ஐந்து பேரை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். கடைசி ஆட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை, திருவண்ணாமலையிலேயே. ஜெயிக்கக்கூட வேண்டாம். தோற்காமல் இருந்தால் போதும்.

இருபது நாளுக்கு முன் ஆற்காட்டில் நடந்த ஆட்டத்தில், எதிராளியின் காலடியில் பாய்ந்து விழுந்து பந்தை அணைத்தபோது பூட்ஸ் முனை அவனுடைய வலது காதுக்குப் பின்னால் இறங்கியது. கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தான். முகத்தில் சோடா அடித்தார்கள். எழுந்து மீதி ஆட்டத்தையும் ஆடினான். தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஆதிமூலம் அந்தக் கதையைச் சொன்னார். சகாதேவன் சொன்னதில்லை. எழுந்தபிறகு ஆடியது எதுவும் அவனுக்கு ஞாபகமில்லை என்பது கஸ்தூரிக்கு மட்டும் தெரியும். அப்புறம் ஒரு தலைவலி வந்து, போகாமல் தங்கியது. மாத்திரை போட்டுக்கொண்டிருந்தான்.

இலையைத் திருப்பிய அந்த நிமிஷத்திலிருந்து அவள் அவனைப் பார்ப்பது மாறிப்போனது. வேவு பார்க்கிறவள்போல ஆனாள். டம்ளரை இடது கைப் பக்கம் வைத்தாள், தண்ணீர் கேட்டான். வலது பக்கம் நகர்த்தினாள், குடித்தான். நான்கு வயது மகள் ஜோதி அவனுக்கு இடப்பக்கம் இரண்டடி தள்ளி உட்கார்ந்து சிலேட்டில் கிறுக்கிக்கொண்டிருக்க, அவன் வாசலைப் பார்த்து, "பாப்பா எங்க போச்சி?" என்று கேட்டான். குழந்தை அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டது. கஸ்தூரியும் ஒருமுறை அவனுடைய இடப்பக்கமாகப் போய் மூச்சுவிடாமல் நின்று பார்த்தாள். அவன் துண்டை உதறி மடித்தான், மலையைப் பார்த்தான், கொட்டாவி விட்டான். தனியாக இருக்கும்போது ஒரு ஆண்பிள்ளையின் முகம் எப்படித் தளர்ந்துபோகுமோ அப்படித் தளர்ந்திருந்தது. அவனுக்கு அவள் அங்கே இல்லை.

மல்லாட்டை பிடுங்கும் நேரம் அது. நிலக்கடலைக்கு அங்கே அதுதான் பெயர். கொல்லை நிலத்தில் ஆண்கள் செடியைப் பிடுங்கிப் போட, பெண்கள் குந்தி உட்கார்ந்து காய் ஆய்ந்தார்கள். மழை வருவதற்குள் முடிக்கவில்லையென்றால் காய் மண்ணிலேயே முளைத்துவிடும். மேற்கே கருத்துக்கொண்டே இருந்தது. பக்கத்துக் கொல்லை ராணியம்மாள் கையிலிருந்த செடியை உதறிக்கொண்டே கஸ்தூரியிடம் கேட்டாள்.

"இன்னாடி, உங்க ஊட்டுக்காரரு பாதி மூஞ்சிக்குத்தான் பிளேடு வாங்கனாரா?"

பெண்கள் சிரித்தார்கள். வரப்பில் வந்துகொண்டிருந்த சகாதேவனின் வலது கன்னம் மழமழவென்று இருந்தது. இடது கன்னத்தில் மூன்று நாள் முடி.

"புது ஸ்டைலு, அக்கா" என்றாள் கஸ்தூரி. அப்படிச் சொன்ன தன் குரல் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவனுக்கு ஏன் தெரியவில்லை என்பது அன்று காய் ஆய்கிறபோதுதான் அவளுக்குப் புரிந்தது. அடி அண்ணாமலையில் பிறந்தவன். விடியும் முன்னால் எழுந்து மலையை ஒரு சுற்று ஓடிவருவதுதான் பத்து வயதிலிருந்து அவனுக்குப் பழக்கம். மலையை வலமாகத்தான் சுற்ற வேண்டும். நடக்கிறவனுக்கும் ஓடுகிறவனுக்கும் அதுதான். எதிர்த் திசையில் சுற்றுவது என்று ஒன்று இருப்பதாகவே அந்த ஊரில் யாரும் நினைப்பதில்லை. மலை எந்நேரமும் அவனுடைய வலது தோளுக்கு அப்பால். பின்னாலிருந்து முந்துகிற வண்டியும் சைக்கிளும் அந்தப் பக்கமாகவே போகும். இடது ஓரத்தில் புளியமரங்கள், கரம்பு, ஓடை. அந்தப் பக்கம் முழுவதும் காணாமல் போயிருந்தும், ஒன்பது மைல் ஓட்டத்தில் அவனுக்கு எதுவும் குறையவில்லை.

வியாழக்கிழமை ஜோதிக்குத் துணி எடுக்க வேண்டும் என்று சொல்லி டவுனுக்கு அழைத்துப்போய், தேரடிக்குப் பின்னால் இருந்த கண் டாக்டரிடம் உட்காரவைத்தாள். கோபப்பட்டான். டாக்டர் வயதானவர், ஃபுட்பால் பார்க்கிறவர். ஆற்காட்டு ஆட்டத்தைப் பற்றி விசாரித்ததும் கோபம் அடங்கியது. தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, டாக்டர் இரண்டு கைகளையும் அகல விரித்து விரல்களை மாற்றி மாற்றி அசைத்தார். வலது பக்கம் அசைந்தபோதெல்லாம் சகாதேவன் சரியாகச் சொன்னான். இடது பக்கம் அசைந்தபோது, "ஆரம்பிங்க சார்" என்றான்.

டாக்டர் விளக்கை அணைத்தார். பிறகு இருவருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். கண் இரண்டும் நன்றாக இருக்கிறது. கோளாறு கண்ணில் இல்லை, தலைக்குள்ளே. அடிபட்ட இடத்தில் ரத்தம் கட்டியிருக்கலாம். இன்றைக்கே வேலூருக்குப் போய்ப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதே இடத்தில் இன்னொரு அடி பட்டால் உயிருக்குத் தன்னால் உத்தரவாதம் சொல்ல முடியாது.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே சகாதேவன் சொன்னான்: "பாத்தியா, கண்ணு நல்லா இருக்குதுன்னு அவுரே சொல்லிட்டாரு."

"அதுக்கப்புறம் சொன்னது காதுல உழலியா?"

"உழுந்துது. திங்கக்கெழம போலாம்."

"இன்னைக்கே போவ சொன்னாரு."

"கஸ்தூரி, ஏழு வருஷம். மூணு நாளு."

பஸ்ஸில் அவனை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். ஒளிக்கிறவனோடு சண்டை போடலாம். இவன் ஒளிக்கவில்லை. தன்னிடமிருந்து எது போனதோ, அது முன்பு இருந்தது என்ற நினைவும் கூடவே போய்விட்டது. இருட்டாகத் தெரிந்தால்கூட இருட்டாக இருக்கிறது என்று சொல்வான். இவனுக்கு அந்த இருட்டும் இல்லை. வேங்கைப் புலியே வந்து அந்தப் பக்கம் நின்றாலும் நிம்மதியாக இருப்பான். அவன் பயத்தையும் சேர்த்து அவள் ஒருத்தியே பயப்பட வேண்டியிருந்தது.

அதைவிட மோசமான ஒன்றும் அவளுக்குள் இருந்தது. மூன்று நாள்தானே என்று அவளும் ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். ஆலைக் குவார்ட்டர்ஸில் வீட்டுக்குள்ளேயே குழாய். வருஷத்துக்கு நான்கு முறை அந்த ஒரு நாள் நிறுத்தத்தில் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதைப் பார்க்க வேண்டியதில்லை. ஒன்றும் ஆகாமலே போகலாம். அந்த நினைப்பு வந்தபோது பஸ் செங்கம் ரோட்டுத் திருப்பத்தில் சாய்ந்தது. அவன் தலை ஜன்னல் கம்பியில் இடித்துவிடப் போகிறதே என்று அவள் கை தானாகக் குறுக்கே போய் நின்றது. அவன் சிரித்தான். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆலையில் விளையாட்டைக் கவனித்துக்கொள்கிற ராஜமாணிக்கம் மோட்டார் சைக்கிளில் கொல்லைக்கே வந்துவிட்டார். வேகவைத்த மல்லாட்டையைத் துண்டில் கொட்டிக் கொடுத்தார்கள். உரித்துத் தின்றபடி, நிரந்தர வேலைக்கான உத்தரவு டைப் அடித்துத் தயாராக இருப்பதாகவும், ஐந்து பேரில் முதல் பெயர் சகாதேவனுடையதுதான் என்றும் சொன்னார். ஆதிமூலம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கஸ்தூரி செடிக் குவியலுக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். "சார், அவுருக்குத் தலைவலி விடவே மாட்டேங்குது. டாக்டரு..."

"ஒரு ஆட்டம்மா. தொண்ணூறு நிமிஷம். நானே வேலூருக்குக் கூட்டிக்கினு போறேன்" என்றார் ராஜமாணிக்கம். "இன்னொரு கோலி இருக்கறான், தருமன்னு. அவன நிறுத்துனா பந்தோட சேந்து அவனும் வலைக்குள்ள போயிடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். சகாதேவன் அவளைப் பார்த்தான். இன்னொரு வார்த்தை பேசாதே என்ற பார்வை. டாக்டர் சொன்னதில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அந்த வாக்கியம் அவள் நாக்கில் இருந்தது. அதைச் சொன்னால் அவன் உயிரோடு இருப்பான், உயிரோடு இருக்கிற நாளெல்லாம், தனக்கு ஒன்றும் இல்லாதபோது பெண்டாட்டி கெடுத்தாள் என்று நம்பிக்கொண்டிருப்பான். அவள் மறுபடி குந்தி உட்கார்ந்து காயைப் பறித்தாள். மண்ணும் பிஞ்சும் காயும் ஒன்றாகக் கூடையில் விழுந்தன.

சனிக்கிழமை மத்தியானம் தூறல் போட்டது. ஆதிமூலமும் அவளுமாகக் காய்க் குவியலின்மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, வேப்பமரத்தடியில் ஒதுங்கினார்கள். களியும் கீரைக் கடைசலும் இருந்த தூக்கை அவர் திறக்கவில்லை.

"மாமா, உங்க புள்ளைக்கு இடது பக்கம் எதுவுமே தெரியல."

"தெரியும்மா" என்றார் ஆதிமூலம்.

அவள் அவரைப் பார்த்தாள்.

"புதன்கெழம செடி புடுங்கறப்ப பாத்தேன். இடது வரிசய உட்டுட்டே போறான். ஏண்டா உடறன்னு கேட்டா, எந்த வரிசன்றான்."

"அப்புறம் ஏன் மாமா வாயத் தொறக்கல?"

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். மழைத் தண்ணீரா என்று அவளுக்குத் தெரியவில்லை. "எனக்கு இருக்கறது இந்த ரெண்டு காணி மானாவாரி. மழ வந்தா முளைக்குது, வரலன்னா காயுது. இதுல அவனும் உழுந்து கெடக்க வேணாம்னு நெனச்சேன். ஒரு நாளு. அந்த ஒரு நாளு மட்டும் அண்ணாமலையாரு பாத்துக்கினா போதும்னு நெனச்சேன்." கொஞ்சம் கழித்து, "நான் சொன்னா கேப்பானா? எனக்கு இன்னா நைனா ஆச்சின்றான். அவனுக்கே தெரியாதத எப்படிம்மா அவன்கிட்ட சொல்றது?" என்றார்.

 டாக்டர் சொன்னபிறகும், வீட்டில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தவரை அது ஒருவேளை தன் பிரமையாக இருக்கலாம் என்ற ஒரு சின்ன இடம் மிச்சமிருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஜோதியை ராணியம்மாளிடம் விட்டுவிட்டு மாமனாரும் மருமகளும் மைதானத்துக்குப் போனார்கள். ஊருக்கு நடுவில், மேற்கே மலை எழுந்து நிற்க, தெற்கு வடக்காகக் கிடந்தது மைதானம். சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். ஆயிரம் பேருக்குமேல் கூட்டம். பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கலாம். மேகம் மலையின் தோளில் உட்கார்ந்திருந்தது. எதிர் டீம் ஒரு பஸ் கம்பெனியுடையது. அவர்களுடைய சென்டர் ஃபார்வர்ட் தூண்போல இருந்தான்.

காசு சுண்டிப் போட்டதில் ஆலைக்கு வடக்குக் கோல் வந்தது. சகாதேவன் கம்பங்களுக்கு நடுவில் தெற்கே பார்த்து நின்று, வலது பக்கம் இருந்த மலையைக் கும்பிட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கஸ்தூரி கயிற்றை ஒட்டி, வலைக்குப் பின்னால், அவனுடைய இடது கம்பத்துக்கு நேராகப் போய் நின்றாள். எதற்காக அந்த இடம் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அந்தப் பக்கம் யாராவது இருக்க வேண்டும் என்று தோன்றியது.

வலது பக்கமிருந்து வந்த பந்தையெல்லாம் அவன் பிடித்தான். இரண்டு முறை மேலே எழும்பி விரல் நுனியால் கம்பிக்கு மேல் தட்டிவிட்டான். கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. ஒவ்வொரு முறை அவன் தரையில் விழும்போதும் அவள் தன் தலையைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

அரைமணி நேரம் போயிருக்கும். பஸ் கம்பெனிக்காரன் ஒருவன் இடது பக்கமிருந்து ஓங்கி உதைத்தான். பந்து அவளை நோக்கியே வருவதுபோல வந்தது. சகாதேவன் அசையவில்லை. முழங்காலில் கையூன்றி எதிரே பார்த்தபடி இருந்தான். பந்து இடது கம்பத்தில் பட்டுத் தெறித்து வெளியே போனது. சத்தம் கேட்டுத்தான் திரும்பினான்.

"பாத்தியா தெகிரியத்த" என்றான் அவளுக்குப் பக்கத்தில் நின்ற ஆள். "வெளியதான் போவும்னு கணக்குப் பண்ணி உட்டுட்டான். இதாண்டா கோலி."

கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலைப்போல அவளைப் பயமுறுத்திய சத்தம் வேறொன்றும் இல்லை. இத்தனை பேர் பார்க்கிறார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் வாய்விட்டு அலறினால், பெண்டாட்டி உற்சாகத்தில் கத்துகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவனோ மறுபடி மலையைப் பார்த்துக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது.

இடைவேளை விசில் ஊதியபோது இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டக்காரர்கள் கயிற்றுக்கு உள்ளே புல்லில் உட்கார்ந்து சாத்துக்குடி உறிஞ்சினார்கள். கஸ்தூரி கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். யாரோ விசிலடித்தார்கள். அந்த ஊரில் ஒரு பொம்பளை அப்படி ஆடுகளத்துக்குள் நடந்து போனதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.  ராஜமாணிக்கம் எழுந்து நின்றார். பலராமன், சகாதேவனுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுகிற பேக், நகர்ந்து வழிவிட்டான்.

சகாதேவனின் வலது பக்கம் போய்க் குந்தினாள்.

"இங்க எதுக்கு வந்த?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆடாதீங்கன்னு சொல்ல வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அங்க நின்னு நேரா பாத்தப்ப உங்களுக்கு மலை தெரிஞ்சுதா?"

"அத்தாம் பெரிய மலை தெரியாமயா போவும்?"

"கழுத்தத் திருப்பாமயே?"

"திருப்பாமயேதான்."

"இப்ப அந்தப் பக்கம் கோலுக்குப் போறீங்க. அங்கயும் அதே மாதிரி நேரா பாருங்க. கழுத்தத் திருப்பாதீங்க. மலை தெரிஞ்சா ஆடுங்க. நான் ஜென்மத்துக்கும் வாயத் தொறக்க மாட்டேன்."

அவன் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சேர்த்துச் சிரித்தான். "மலை எங்கடி போவும்?" என்று சொல்லிவிட்டு எழுந்து, கையுறையை மாட்டிக்கொண்டே தெற்குக் கோலை நோக்கி ஓடினான்.

அவள் கயிற்றுக்கு வெளியே, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மைதானத்தின் முழு நீளத்தையும் ஓடிக் கடந்தாள். தெற்கு வலைக்குப் பின்னால் வந்து நின்றபோது மூச்சு முட்டியது. விசில் ஊதியாயிற்று. அவனுடைய முதுகைத்தான் பார்க்க முடிந்தது. வடக்கே பார்த்து நின்றான். மலை இப்போது அவனுடைய இடது கைப் பக்கம், பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது.

அவன் தலை நேராக இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல இடது பக்கம் திரும்பியது. நின்றது. மறுபடி நேராக வந்தது. மறுபடி இடது பக்கம். மறுபடி நேராக. கதவுக்குப் பின்னால் ஒளிந்த ஆளை எட்டி எட்டிப் பார்க்கிற குழந்தைபோல அவன் அதைச் செய்துகொண்டிருந்தான். நான்காவது முறை தலை பாதி வழியில் நின்றுவிட்டது. முதுகில் சட்டை ஒட்டிக்கிடந்தது. தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுவதை அவள் பார்த்தாள். அந்தத் தோள்களை அவளுக்குத் தெரியும். ஜோதி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவை அப்படித்தான் இருந்தன என்று பிறகு மாமியார் சொல்லியிருந்தாள். ஆறு நாளாக அவள் ஒருத்தி சுமந்த பயம் அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. பாரம் குறையும் என்று நினைத்திருந்தாள். குறையவில்லை. இரண்டானது.

"சகா, லெஃப்டுல" என்று பலராமன் கத்தினான்.

அந்தத் தூண் போன்றவன் பந்தோடு வந்துகொண்டிருந்தான். பேக்குகள் பின்னால் விழுந்துவிட்டார்கள். சகாதேவன் உடம்பு முழுவதையும் திருப்பினான். இப்போது அவனுக்குத் தெரிந்தது. பாய்ந்து காலடியில் விழுந்து அணைக்கிற தூரம்தான். ஏழு வருஷமாக அவன் சம்பளம் வாங்கியது அந்த ஒரு பாய்ச்சலுக்குத்தான். முழங்கால் மடங்கியது. கைகள் முன்னே நீண்டன.

கஸ்தூரி கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மூட முடியவில்லை.

அவன் நிமிர்ந்தான். இரண்டு கைகளையும் தூக்கி, வலது காதுக்குப் பின்னால் தலையை மூடிக்கொண்டு, ஒரு எட்டு ஒதுங்கி நின்றான். பந்து அவனைத் தாண்டி உருண்டு வலையில் போய்ச் சேர்ந்தது. வலை அவள் முகத்துக்கு நேராகப் புடைத்தது.

 பிறகு எழுந்த சத்தத்தில் வார்த்தைகள் கல்லைப்போல வந்து விழுந்தன. எவ்வளவு வாங்கினான் என்று கேட்டார்கள். அவனுடைய அம்மாவைச் சொன்னார்கள். சகாதேவன் கையை உயர்த்தி ரெஃப்ரீக்குக் காட்டினான். கையுறையைக் கழற்றி, ஓடி வந்த தருமன் கையில் கொடுத்தான். ராஜமாணிக்கம் ஏதோ கேட்டார். சகாதேவன் கயிற்றைத் தாண்டி அவளிடம் வந்தான். கயிறு இடது காலில் தட்டித் தடுமாறினான்.

"மலையக் காணோம், கஸ்தூரி" என்றான். குரல் அவனுடையதாக இல்லை. "திரும்பினா இருக்குது. நேரா பாத்தா... அந்த எடமே இல்ல."

"தெரியும்ங்க."

"பாப்பா அன்னைக்கு எம் பக்கத்துலதான் உக்காந்திருந்துதா?"

 அவனுடைய இடப்பக்கம் போய் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சில்லென்று இருந்தது. வசவுகளுக்கு நடுவில் ரோட்டுக்கு வந்தார்கள். வேலூருக்குக் கடைசி வண்டி இருக்கிறதா என்று விசாரித்தாள். வழியில் ஒரு பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டதால் வண்டிகள் அங்கே மாட்டிக்கொண்டன, இனிமேல் விடிகாலை வண்டிதான் என்றார்கள். பின்னால் மைதானத்திலிருந்து ஒருமுறை பெரிதாகச் சத்தம் எழுந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாததுமாக, மழையில், ஆதிமூலம் பஸ் ஸ்டாண்டுக்கு அவர்களோடு வந்தார். முந்தின நாள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் வாய் திறக்கவில்லை. வண்டி கிளம்பும் முன் வேகவைத்த மல்லாட்டை மூட்டையை ஜன்னல் வழியாகக் கஸ்தூரியிடம் நீட்டினார். அப்போதுதான் சொன்னார்.

"ஒண்ணுக்கு ஒண்ணு. பலராமன் அடிச்சான். டீம் கீழ எறங்காம தப்பிச்சிக்கிச்சி."

சகாதேவன் எதிர்ச் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உத்தரவு?"

"அஞ்சு பேருக்கும் குடுத்துட்டாங்க. உம் பேருக்குப் பதிலா தருமன்னு எழுதிக்கினாங்களாம்." பெரியவர் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "நேத்து நீ ஒதுங்கி நின்ன பாரு, அப்பத்தான்டா எனக்கு மூச்சு வந்துது. அந்தக் கூட்டத்துல அத வெளிய சொல்ல எனக்கு வாயி வரல." மழையில் நனைந்துகொண்டே, மருமகளைப் பார்த்து, "போயிட்டு வாங்க" என்றார்.

வண்டி வேங்கிக்காலைத் தாண்டி வடக்கே ஓடியது. சகாதேவன் இடது ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கி உட்கார்ந்திருந்தான். ஆனால் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கழுத்தை விறைப்பாக நேரே வைத்துக்கொண்டு டிரைவரின் கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையைத் திருப்ப அவன் பயப்படுகிறான் என்பது அவளுக்குப் புரிய ஒரு மைல் பிடித்தது. திரும்பியும் இல்லையென்றால் என்ன செய்வது என்று பயப்படுகிறான்.

"இருக்குதா?" என்றான்.

அவனைத் தாண்டிக் குனிந்து பார்த்தாள். நனைந்த வயல்களுக்குமேல் மலை கருப்பாக நின்றது. "இருக்குது" என்றாள்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டான். மறுபடி சொன்னாள். அவன் கை அவள் கையைத் தேடிவந்து பிடித்துக்கொண்டது. வேலூரில் என்ன சொல்வார்கள், தலையைத் திறக்க வேண்டும் என்பார்களா, திறந்தால் இந்தக் கை இப்படியே பிடிக்குமா என்று அவள் மனம் ஓடியது. மல்லாட்டை மூட்டை மடியில் இன்னும் சூடாக இருந்தது.

கலசப்பாக்கம் தாண்டி மழை வலுத்தது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஒரு திரை விழுந்தது. வயலும் இல்லை, மரமும் இல்லை.

"கஸ்தூரி, இருக்குதா?"

அவள் எழுந்து, எட்டி, பின்னால்வரை பார்த்தாள். அவளுக்கும் அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்து அவன் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்குதுங்க" என்றாள்.